வாசகர் கேள்வி பதில்: முதல் மொட்டை

இம்மாதம் வந்த கடிதங்களில் தண்டையார்பேட்டையிலிருந்து வந்த ஒன்று முழுதாக நான்கு பக்கம் இருந்தது. அதைச் சுருக்கிக் கீழே தந்திருக்கிறேன். தலைமுடியை அடியோடு எடுப்பதைப் பற்றியே வடசென்னையின் வேறு சில வாசகர்களும் எழுதியிருந்ததால், இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 34. துறைமுகத்துக்கு அருகே ஒரு கன்டெய்னர் யார்டில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். 27 வயதில் உச்சந்தலையில் தொடங்கிய வழுக்கை இப்போது நெற்றியோடு வந்து சேர்ந்துவிட்டது. இடப்பக்க முடியை நீளமாக வளர்த்து வலப்பக்கம் வாரி மறைத்து வந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றியதும் அது கோழிக் கொண்டைபோல எழுந்து நின்றுவிடுகிறது. மொத்தமாக மழித்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு வயதில் குலதெய்வக் கோயிலில் எடுத்ததற்குப் பிறகு நான் மொட்டை போட்டதே இல்லை. மனைவிக்கு ஆட்சேபம் இல்லை. அம்மாதான், "அப்பா கல்லு மாதிரி இருக்கும்போது உனக்கு எதுக்குடா மொட்டை" என்று கண்கலங்குகிறார். திருப்பதிக்கு வேண்டிக்கொண்டேன் என்று சொல்லிவிடலாமா? வீட்டிலேயே மழித்துக்கொள்ளலாமா, சலூனுக்குப் போக வேண்டுமா? தோலுக்கு ஏதாவது ஆகுமா?
— தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: அம்மாவிடமிருந்தே தொடங்குகிறேன். கத்தி தொடர்பான கேள்விகள் அரைமணி நேரத்து வேலை. இது அப்படி முடிகிற காரியமன்று.

வளர்ந்த ஆண் ஒருவன் தலையை மழித்துக்கொண்டு தெருவில் நடந்தால், நம் பக்கத்தில் அதை யாரும் முடிவெட்டு என்று எடுத்துக்கொள்வதில்லை. வேண்டுதல் நிறைவேறியிருக்க வேண்டும், அல்லது வீட்டில் யாரோ தவறியிருக்க வேண்டும். திருப்பதி, திருத்தணி, பழநி, ஆடி மாதமென்றால் பெரியபாளையம் என்று வேண்டுதல் மொட்டைகளுக்கு இங்கே குறைவில்லை. வேளாங்கண்ணிக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வரும் குடும்பங்களும் உண்டு என்பதால், சந்தனம் பூசாத மொட்டைக்குக்கூட ஒரு பயணக் கதை இருக்கும் என்றே ஊர் எதிர்பார்க்கும். துக்க மொட்டையோ விவரம் கேட்காமலே புரிந்துகொள்ளப்படுவது. தகப்பனுக்குக் காரியம் செய்யும் மகன் தலையை மழித்துக்கொள்வதை உங்கள் அம்மா எத்தனை வீடுகளில் பார்த்திருப்பார்! கணவர் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, மகன் தலையில் அந்த அடையாளத்தைப் பார்க்க நேரும் என்ற எண்ணம்தான் அவரைக் கலங்கச் செய்கிறது. அதை மூடநம்பிக்கை என்று சொல்லி அவரோடு வாதம் செய்ய வேண்டாம்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, உங்களைப் போலவே வாரி மறைத்து அலுத்துப்போய், ஒரு புதன்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் மழித்துக்கொண்டேன். ராயபுரத்தில் நான் வழக்கமாகப் போகும் டீக்கடையில் மாஸ்டர் கிளாஸை நீட்டினார், காசை வாங்க மறுத்தார், பிறகு கையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப சார் ஆச்சு? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலியே" என்றார். என் தந்தை அந்த நேரத்தில் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு வாரத்தில் லட்டு கேட்டவர்கள் பதினொரு பேர், துக்கம் விசாரித்தவர்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் பொன்னேரியிலிருந்து ஃபோன் செய்த ஒரு பெரியப்பா. அவருக்குச் செய்தி எப்படிப் போனது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஃபோனை எடுத்தவர் என் தந்தையே என்பதால் அந்தப் பேச்சு சீக்கிரம் முடிந்துவிட்டது.

ஆகவே, முதலில் வீட்டில் சொல்லுங்கள், பிறகு சலூனில் உட்காருங்கள். அம்மாவிடம் நீங்கள் சொல்வதைவிட உங்கள் அப்பா சொல்வது நல்லது. எவருடைய ஆயுளை நினைத்து அம்மா பயப்படுகிறாரோ, அவரே, "முடிதானே, எடுத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் வாதாட அம்மாவிடம் பெரிதாக எதுவும் இருக்காது. பக்கத்து வீட்டுக்கும் யார்டில் உடன் வேலை செய்பவர்களுக்கும் இரண்டு நாள் முன்னதாகவே காதில் போட்டு வையுங்கள்.

திருப்பதி என்று பொய் சொல்ல வேண்டாம். இது ஒழுக்க போதனை அல்ல, கணக்குத்தான். வழுக்கை உள்ளவர் தலையை மழுமழுவென்று வைத்துக்கொள்ள வேண்டுமானால் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை மழிக்க வேண்டும், அதாவது மாதத்துக்குப் பத்துத் தடவைக்கு மேல். அத்தனை வேண்டுதலுக்கு எங்கே போவீர்கள்? ஆனால் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான அம்மாக்களிடம் பிள்ளையின் பெயரில் செலுத்தாத வேண்டுதல் ஒன்று நிலுவையில் இருக்கும். அப்படி இருந்தால் முதல் மொட்டையை அந்தச் சந்நிதியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரு பாரம் இறங்கும். உங்களுக்கும் முதல் மாதத்துக்கு ஒரு பதில் கிடைக்கும்.

இனி தலைக்கு வருவோம். முதல் தடவை சலூனுக்கே போங்கள். உங்கள் பின்மண்டை எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியாது. சிறு வயதில் விழுந்த தழும்பு, காதுக்குப் பின்னால் ஒரு மச்சம், பிடரியில் ஒரு மடிப்பு, மல்லாக்கப் படுத்தே வளர்ந்ததால் தட்டையாகிப்போன பின்பக்கம் எல்லாம் முடி போன பிறகுதான் தெரியவரும். பார்க்காத இடத்தில் ரேசரை ஓட்டி மச்சத்தைச் சீவிக்கொண்டவர்கள் உண்டு. இன்னொரு யோசனையும் சொல்வேன்: நேராகக் கத்திக்குப் போகாமல், முதலில் மிஷினில் ஜீரோ வைத்து ஒட்ட வெட்டிக்கொண்டு ஒரு வாரம் இருங்கள். தலையின் வடிவம் கண்ணுக்குப் பழகும், அம்மாவுக்கும் அதிர்ச்சி இரண்டு தவணையாகப் பிரிந்துவிடும். அந்த நிலையே பிடித்துப்போய் அதோடு நின்றுவிடுபவர்களும் பலர் இருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை சலூன்கள் பெரும்பாலும் மூடியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் வரிசை வாசல்வரை நிற்கும். அவசரத்தில் மழிக்கப்படும் தலைதான் அதிகம் வெட்டுப்படும். புதன், வியாழன் காலையில் கடை திறந்த கையோடு போவது உத்தமம். உட்கார்ந்ததும் பிளேடைக் கவனியுங்கள். புதிய பிளேடை உறையிலிருந்து எடுத்து, உங்கள் கண் முன்னாலேயே இரண்டாக உடைத்துக் கத்தியில் மாட்டச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நல்ல தொழிலாளி நீங்கள் கேட்கும் முன்பே அப்படித்தான் செய்வார். மஞ்சள் காமாலை வகையைச் சேர்ந்த ஹெபடைடிஸ் பி கிருமி, உடலுக்கு வெளியே காய்ந்த இரத்தத்தில்கூடக் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கக்கூடியது. ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியவையும் இரத்தத்தின் வழியாகப் பரவுபவை. தாடியைவிடத் தலை பரப்பில் பெரியது, மேடுபள்ளம் மிகுந்தது, ஆகவே கீறல் விழும் வாய்ப்பும் அதிகம். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. போடாதவராக இருந்தால், மொட்டை போட்டாலும் போடாவிட்டாலும், அதைப் போட்டுக்கொள்வது நல்லது.

தலையை வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் நன்றாக ஊறவிட்டால் முடி இளகிக் கத்திக்கு எளிதாக இடம் கொடுக்கும். நம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் சோப்பு சரியாக நுரைக்காது. ஷேவிங் கிரீமோ நுரையோ கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். முடி வளர்ந்த போக்கிலேயே மழிக்க வேண்டும், அதாவது முன்பக்கம் நெற்றியை நோக்கியும் பின்பக்கம் பிடரியை நோக்கியும். உச்சியில் சுழி இருக்கும் இடத்தில் போக்கு வட்டமாகத் திரும்பும், ஆகவே அங்கே கத்தியும் திரும்பியாக வேண்டும். எதிர்ப்போக்கில் இழுத்தால் கன்னம்போல வழவழக்கும் என்று ஆசை காட்டுவார்கள். முதல் தடவை அதற்கு இடம் கொடுக்காதீர்கள். எதிர்ப்போக்கில் மிக ஒட்ட வெட்டப்பட்ட முடி, குறிப்பாகச் சுருட்டை முடி, வளரும்போது வெளியே வராமல் தோலுக்குள்ளேயே வளைந்து புகுந்து கொப்புளமாகும். உங்கள் பிடரியில் ஏற்கெனவே சிறு சிறு கட்டிகள் வந்து போகும் வழக்கம் இருந்தால், ரேசரை அடியோடு மறந்துவிட்டு மிஷினோடு நில்லுங்கள். சிலருக்கு அந்தக் கட்டிகள் நாளடைவில் தடித்த தழும்பாக மாறிவிடுகின்றன.

மழித்து முடித்ததும் டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் தடவ விடாதீர்கள்; அது தோலை எரித்துவிடும். சிறு கீறலுக்குப் படிகாரக் கட்டியை ஈரத்தோடு தேய்த்தால் போதும். சந்தனம் குளிர்ச்சிதான், ஆனால் கடையில் சந்தனம் என்று பொட்டலமாக விற்கும் மஞ்சள் நிறத் தூளில் வேறு என்ன கலந்திருக்கிறதோ, புதிதாக மழித்த தோலில் அது அரிக்கலாம். கல்லில் இழைத்த சந்தனம் கிடைத்தால் பூசுங்கள். கிடைக்காவிட்டால் மணமில்லாத ஈரப்பதக் கிரீம் கொஞ்சம் போதும்.

முதல் இரவில் மின்விசிறிக் காற்றே குளிரும். தலையணை உறையில் தலை ஒட்டிக்கொண்டு இழுக்கும், மூன்றாம் நாள் அரிக்கத் தொடங்கும். முளைக்கும் முடியின் நுனி மழுங்கலாக இருப்பதால் வருவது இது, நோய் அல்ல. நிறத்தைப் பற்றி உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பல ஆண்டுகள் வெயில் படாத பக்கத் தோல் வெளுத்தும், வழுக்கையாக வெயில் பட்டுப் பழகிய உச்சி கறுத்தும் இருக்கும். இரண்டு நிறமும் ஒன்றாகச் சில வாரங்களாகும். அதற்குப் பிறகும் உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு தொந்தரவு மிஞ்சும். முடி ஒரு நாளைக்கு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வளரக்கூடியது. முழுத் தலையிலும் முடி உள்ளவர் மழித்தால் நிழல் சீராகப் படரும், ஆனால் வழுக்கை உள்ளவர் தலையில் இரண்டாம் நாளே பக்கங்கள் மட்டும் கறுத்து, குதிரை லாடம்போல ஒரு வளையம் தெரியும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை என்று முன்னே சொன்னதற்குக் காரணம் அதுதான்.

உங்கள் யார்டில் நிழல் இருக்காது. கன்டெய்னர் இரும்பின் அனலும் தார்த் தரையின் அனலும் சேர்ந்து அடிக்கும் இடத்தில் புதிய மொட்டை ஒரே நாளில் சிவந்து எரிந்துவிடும். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைத் தலையிலும் காது மடல்களிலும் தடவி, வியர்த்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் தடவுங்கள். பாதுகாப்புத் தொப்பியின் உள்பட்டை முளைக்கும் முடியில் உரசும். மெல்லிய பருத்தித் துணி ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டு அதன்மேல் தொப்பியை அணியுங்கள். அந்தத் துணி வியர்வைக்கும் உதவும். முடி இருந்தபோது வியர்வையை அது கொஞ்சம் தாங்கிக்கொண்டது. இனி நேராகக் கண்ணில்தான் வந்து இறங்கும்.

வீட்டில் மழித்துக்கொள்ள இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு தொடங்கலாம். முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி, ஆனால் உண்மையில் வழி காட்டுவது இடக்கை விரல்கள்தான். அவை தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டே முடி எங்கே மிஞ்சியிருக்கிறது என்று தடவிச் சொல்லும். சர்க்கரை நோய் உள்ளவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் பிளேடைத் தவிர்த்து மின் ஷேவரைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

கேள்வி: என் மகளுக்கு இரண்டு வயது. முடி பூனை ரோமம்போல இருக்கிறது. மூன்று மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்று மாமியார் சொல்கிறார். ஒன்று போட்டாயிற்று. மற்ற இரண்டையும் போடலாமா?
— காசிமேடு வாசகி

பதில்: வேண்டுதலுக்காகப் போடுவதாக இருந்தால் போடுங்கள்; அடர்த்திக்காக என்றால் வேண்டாம். முடி உருவாகும் மயிர்க்கால் தோலுக்கு அடியில் இருக்கிறது. கத்தி வெட்டுவது தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை மட்டும்தான், அந்தப் பகுதிக்கோ உயிரில்லை. மேலே வெட்டுப்பட்ட செய்தி கீழே மயிர்க்காலுக்குப் போய்ச் சேர வழியே இல்லை. மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்றியல் அறிஞர், மழிப்பதால் முடியின் பருமனோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்பதைச் சோதித்துப் பார்த்து 1928-இலேயே எழுதிவிட்டார்.

உங்கள் மாமியார் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குழந்தையின் முடி நுனியில் கூர்மையாகவும் மெல்லியதாகவும் இருக்கும். மழித்த பிறகு முளைப்பது அடிப்பகுதியின் முழுப் பருமனோடு, மழுங்கிய நுனியோடு, எல்லாம் ஒரே உயரத்தில் வருவதால் கைக்குச் சொரசொரப்பாகவும் கண்ணுக்கு அடர்த்தியாகவும் தெரிகிறது. அதோடு, முதல் மொட்டைக்கும் மூன்றாவது மொட்டைக்கும் நடுவே குழந்தைக்கு வயதும் ஏறுகிறது. அந்த வயதில் மெல்லிய முடி தானாகவே தடித்த முடிக்கு இடம் கொடுக்கும். வளர்ந்தது குழந்தை, பெயர் மட்டும் கத்திக்கு. இதை மாமியாரிடம் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உங்கள் விருப்பம். போடுவது என்று முடிவானால், குழந்தை பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் இல்லாத நேரமாகப் பாருங்கள். தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். புதிய பிளேடு என்பது குழந்தைக்கும் பொருந்தும்.

கேள்வி: கல்லூரி மாணவன் நான். பின்தலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புழுவெட்டு விழுந்திருக்கிறது. மொட்டை அடித்துச் சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்த்தால் புழு செத்துவிடும் என்கிறார்கள். உண்மையா?
— பெரம்பூர் வாசகர்

பதில்: பெயரில்தான் புழு இருக்கிறது, தலையில் இல்லை. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் மயிர்க்கால்களையே அந்நியமென்று எண்ணித் தாக்குவதால் முடி வட்டமாகக் கொட்டுகிறது. தோல் வழவழப்பாக, செதிலோ அரிப்போ இல்லாமல் இருக்கும். இப்படிச் சிறிதாக விழும் வட்டங்களில் பல ஓராண்டுக்குள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. அதனால்தான் அந்த இடைவெளியில் எதைத் தேய்த்திருந்தாலும் அதற்கு நற்பெயர் கிடைத்துவிடுகிறது. வெங்காயச் சாற்றை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. பாக்தாத் மருத்துவர்கள் சிலரிடம் அதைத் தடவிப் பார்த்து, முடி முளைத்ததாக 2002-இல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது மிகச் சிறிய ஆய்வு. மேலும், அப்போதுதான் மழித்த தலையில் சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்ப்பது எப்படி எரியும் என்பதை, நறுக்கும்போது கண் படும் பாட்டை வைத்தே நீங்கள் ஊகிக்கலாம்.

மொட்டை இதைக் குணப்படுத்தாது. சுற்றிலும் முடி இல்லாதபோது வட்டம் கண்ணை உறுத்தாது என்ற அளவுக்கு மறைக்க உதவும், அவ்வளவுதான். அந்த இடத்தில் செதில் உதிர்ந்தாலோ, அரித்தாலோ, முடி பாதியில் ஒடிந்து கரும்புள்ளிகளாக நின்றாலோ அது புழுவெட்டு அன்று, படர்தாமரை. அதற்கு வாய்வழி மாத்திரை வேண்டும். அப்படிப்பட்ட தலையைச் சலூன் மிஷினில் கொடுப்பது அடுத்தவருக்கும் பரப்புவதாகும். எதுவென்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டியவர் தோல் மருத்துவர். உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை தொலைவில்லை, தோல் சிகிச்சைப் பிரிவுக்குப் புறநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு காலையிலேயே போங்கள்.

கேள்வி: என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய்க்காக அடுத்த வாரம் கீமோ தொடங்குகிறார்கள். முடி கொட்டும் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து அக்கா சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். கொட்டுவதற்கு முன்பே நாமே எடுத்துவிடலாமா? நானும் அவளோடு மொட்டை போட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.
— வியாசர்பாடி வாசகி

பதில்: எல்லாக் கீமோ மருந்துகளுக்கும் முடி கொட்டாது, கொட்டும் என்று மருத்துவரே சொல்லியிருப்பதால், பொதுவாக முதல் மருந்து ஏறிய இரண்டு மூன்று வாரத்தில் அது தொடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையணையிலும் குளியலறையிலும் கொத்துக் கொத்தாகப் பார்ப்பதுதான் பலரையும் மனம் உடையச் செய்கிறது. அதனால் முன்கூட்டியே எடுத்துவிடுவதில் பொருள் இருக்கிறது. ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. முதலில் பின்னலைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொள்ளலாம், உதிரத் தொடங்கியதும் மிச்சத்தை எடுக்கலாம்.

ஆனால் அக்காவின் தலையில் பிளேடு படக்கூடாது. இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கீமோ நடக்கும்போது இரத்த வெள்ளை அணுக்கள் குறைந்துவிடுவதால், மற்றவர்களுக்குப் படிகாரத்தோடு முடிந்துபோகும் ஒரு கீறல் அவருக்குக் காய்ச்சலாகவும் கிருமித் தொற்றாகவும் மாறலாம். சுத்தம் செய்த டிரிம்மர் மிஷினால் வீட்டில் வைத்தே எடுங்கள். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் சலூனுக்கு அவரை அழைத்துப் போக வேண்டியதில்லை. பழக்கமான கைகள் போதும், கணவரோ நீங்களோ செய்யலாம். பிறகு கட்டிக்கொள்ள வழுக்கும் பட்டுத் துணியைவிட மெல்லிய பருத்தித் துணி நல்லது. சிகிச்சை முடிந்த சில வாரங்களில் மெல்லிய முடி தலைகாட்டத் தொடங்கும். முதலில் வருவது முன்பிருந்ததைவிடச் சுருளாகவோ வேறு நிறமாகவோ இருக்கலாம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று இப்போதே அவரிடம் சொல்லி வையுங்கள்.

நீங்களும் போட்டுக்கொள்வதைப் பற்றி: உங்கள் அன்பைப் பற்றி எனக்கு ஐயமில்லை, ஆனால் அதை அவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். சிலருக்கு அது துணையாக இருக்கும். வேறு சிலருக்கு, தன்னால் தங்கையின் கூந்தலும் போயிற்றே என்ற இன்னொரு துயரம் சேரும். தலைமழித்த பெண்ணைப் பார்த்தால் நம் தெருக்களில் ஆண்களைக் கேட்பதைவிடக் கூடுதலாகவே கேட்பார்கள். உங்கள் இருவரையும் சேர்த்துக் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டிய சுமை அவர் தலையில் விழக்கூடும். அவர் வேண்டாம் என்றால், அந்த நேரத்தை அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுவதில் செலவிடுங்கள். சாப்பாட்டைக் குறைத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்த வரி அதுதான். அதை மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: கோயிலில் மொட்டை போடக் கட்டணம் உண்டா? சென்ற ஆண்டு ஒரு கோயிலில் எங்களிடம் ஆளுக்கு ஒரு தொகை கேட்டு வாங்கினார்கள். எடுத்த முடி எங்கே போகிறது?
— திருவொற்றியூர் வாசகர்

பதில்: இந்து சமய அறநிலையத் துறையின் கோயில்களில் முடி காணிக்கைக்குக் கட்டணம் இல்லை என்று 2021 செப்டம்பரில் அமைச்சர் சேகர்பாபு சட்டமன்றத்தில் அறிவித்தார், மழிக்கும் தொழிலாளர்களுக்கு மாதந்தோறும் ஊக்கத்தொகை என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது. திருமலைக் கல்யாணக் கட்டாவிலும் கட்டணம் கிடையாது. மனம் நிறைந்து நீங்களாகக் கொடுப்பது வேறு. கேட்டு வாங்கினால் கோயில் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். திருமலையில் சேரும் முடியைத் தேவஸ்தானம் தரம் பிரித்து ஏலத்தில் விற்கிறது. அதில் நீளமான முடிக்குத்தான் விலை அதிகம். சவுரியும் டோப்பாவும் செய்யப் போவது அதுவே. எங்கள் தண்டையார்பேட்டை வாசகரின் முடிக்கு அங்கே என்ன மதிப்பு இருக்கும் என்பதை அவரே அறிவார்.

கேள்வி: வயது 29. வழுக்கைக்காக ஆறு மாதமாக மொட்டையோடு இருக்கிறேன். வீட்டில் பெண் பார்க்கிறார்கள். தரகரிடம் முடி இருந்தபோது எடுத்த படத்தைத்தான் கொடுக்க வேண்டும் என்கிறார் அண்ணி. என்ன செய்யலாம்?
— கொருக்குப்பேட்டை வாசகர்

பதில்: இப்போதைய படத்தையே கொடுங்கள். படத்தில் முடியைப் பார்த்துவிட்டு நேரில் மொட்டையைப் பார்ப்பவர்கள், வேண்டாம் என்று சொல்லக் காரணம் மொட்டையாக இருக்காது, படமாக இருக்கும். அண்ணியின் மனம் கோணாமலிருக்க, படம் எடுக்கும் அன்று காலையில் மழித்து, தாடியைச் சீராக வெட்டிக்கொண்டு, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நில்லுங்கள். நேராக மேலிருந்து விளக்கு விழுந்தால் தலை மட்டும்தான் படத்தில் தெரியும்.

கேள்வி: திருத்தணியில் மொட்டை போட்டுக்கொண்டு அன்றே பைக்கில் திரும்ப வேண்டும். பச்சைத் தலையில் ஹெல்மெட் போட்டால் கொப்புளம் வரும், போடாமல் வா என்கிறான் நண்பன். அவன் சொல்வதைக் கேட்கலாமா?
— எண்ணூர் வாசகர்

பதில்: கேட்க வேண்டாம். தலையைத் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, துவைத்த கைக்குட்டையை விரித்துக் கட்டிக்கொண்டு, அதன்மேல் ஹெல்மெட்டை மாட்டி வாருங்கள். முடியின் கனம் போனதால் ஹெல்மெட் கொஞ்சம் தளர்ந்து ஆடும். தாடைப் பட்டையை இறுக்கிக்கொள்ளுங்கள். வழியில் டீ குடிக்க நிறுத்தும்போதெல்லாம் கழற்றிக் காற்றாட விடுங்கள், வீட்டுக்கு வந்ததும் ஹெல்மெட்டின் உள்துணியைக் கழற்ற முடிந்தால் துவைத்துக் காயப்போடுங்கள்.